புத்தரும் இயேசுவும் ஒரே ஷிப்டில்

"புத்தரைப் பற்றிக் கேளுங்கள், இயேசுவைப் பற்றிக் கேளுங்கள், ஒருவரை வைத்து இன்னொருவரைத் திட்டுவதற்காக மட்டும் கேட்காதீர்கள்" என்று போன இதழில் அறிவித்திருந்தோம். பாதிப் பேர் இரண்டாவது காற்புள்ளியோடு படிப்பதை நிறுத்திவிட்டார்கள் போலிருக்கிறது. வசவுகளைக் கழித்தது போக மிச்சம் இதோ. ஊர் மட்டும் போட்டிருக்கிறோம். பெயர் போட்டால் வீட்டில் தகராறு வரும் என்று பலர் எழுதியிருந்தார்கள்.

டீக்கடைக்காரர், ஓசூர் பேருந்து நிலையம்
எல்லா மதமும் ஒன்றுதான், பெயர்தான் வேறு. இதில் புத்தர் என்ன, இயேசு என்ன?

ஒருவர், உலகைப் படைத்தவர் உண்டு, அவரை அப்பா என்று கூப்பிடலாம் என்றார். மற்றவர், படைத்தவனைத் தேடுகிற நேரத்தில் உன் ஆசையும் கோபமும் எங்கிருந்து கிளம்புகின்றன என்று பார் என்றார். ஒருவர் வழியில் ஒரே வாழ்வு, ஒரே தீர்ப்பு. மற்றவர் வழியில் எண்ணி மாளாத பிறவிகள். "ஒன்றுதான்" என்பவர் இரண்டு பேரையும் படிக்காதவர். சண்டை வேண்டாம் என்பதற்காக வித்தியாசத்தையே மறைக்க வேண்டியதில்லை அண்ணே. உங்களுக்கு நான் ஒரு டீ பாக்கி, அதையும் மறைக்கவில்லை.

லாரிக் கம்பெனியில் ஓய்வு பெற்றவர், மத்திகிரி
இரண்டு மதத்தாரும் மேடை போட்டு நேருக்கு நேர் மோதியதுண்டா? யார் ஜெயித்தது?

உண்டு. கொழும்புக்குத் தெற்கே பாணந்துறையில், 1873 ஆகஸ்ட் 26, 28 ஆகிய இரண்டு நாட்கள். கிறிஸ்தவர் தரப்பில் வெஸ்லியன் சபை டேவிட் டி சில்வா பாதிரியார். பௌத்தர் தரப்பில் மீகெட்டுவத்தே குணானந்த தேரர். ஆயிரக்கணக்கில் கூட்டம்.

பாதிரியார் பாலி படித்தவர். நூலைக் காட்டி நிதானமாகக் கேட்டார்: ஆன்மா என்று ஒன்று இல்லை என்கிறீர்களே, அப்படியானால் செய்த வினையின் பயனை அனுபவிப்பது யார்? நல்ல கேள்வி, இன்றைக்கும் பிக்குகளைத் தொண்டையைக் கனைக்க வைக்கும் கேள்வி. தேரரோ பிறவி மேடைப் பேச்சாளர். அவர் பைபிளையே கையில் எடுத்துக்கொண்டார். நியாயாதிபதிகள் முதல் அதிகாரத்தில், கர்த்தர் யூதாவோடு இருந்தும், பள்ளத்தாக்கில் குடியிருந்தவர்களிடம் இரும்பு ரதங்கள் இருந்தபடியால் அவர்களைத் துரத்த முடியவில்லை என்று வருகிறது. சர்வ வல்லவர் இரும்புக்கு அஞ்சுவாரா என்று கேட்டார். முப்பது வருஷம் இரும்பு ரதம் பூட்டிய உங்களுக்கு அந்த இடம் பிடிக்கும்.

கூட்டம் "சாது, சாது" என்று முழங்கியதால் தேரர் ஜெயித்தார் என்பது வழக்கு. கூட்டத்தில் பெரும்பாலோர் யார் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். என் கணக்கில் இருவருமே தோற்றார்கள். அடுத்தவரின் நூலில் பலவீனமான வரியைத் தேடிப் பிடிப்பதில்தான் இரண்டு நாளும் போயிற்று. அடுத்தவர் கேட்ட நல்ல கேள்விக்கு உட்கார்ந்து யோசிக்க நூறு வருஷம் ஆயிற்று. அது பின்னால் வருகிறது.

இல்லத்தரசி, ஓசூர் (பிறந்த ஊர் தங்கவயல்)
என் தாத்தா மாரிக்குப்பத்தில் சுரங்கத் தொழிலாளி. வீட்டில் புத்தர் படம், பக்கத்து வீட்டில் மாதா படம். தமிழ்த் தொழிலாளி வீட்டுக்குப் புத்தர் எப்படி வந்தார்?

பாணந்துறை மேடையிலிருந்துதான் வந்தார், கொஞ்சம் சுற்றி. அந்த வாதத்தின் ஆங்கில அறிக்கையைப் படித்துவிட்டு அமெரிக்கர் கர்னல் ஆல்காட் 1880இல் இலங்கைக்கு வந்து, காலியில் பஞ்சசீலம் ஏற்றார். மறுவருஷமே பௌத்தத்துக்கு ஒரு வினா-விடை நூல் எழுதினார். கிறிஸ்தவப் பிள்ளைகள் ஞானோபதேசம் மனப்பாடம் செய்வது போலப் பௌத்தப் பிள்ளைகளும் படிக்கட்டும் என்று எதிராளியின் வடிவத்தையே எடுத்துக்கொண்டார். அந்தக் குடும்பத்துக் கடைக்குட்டிதான் நீங்கள் இப்போது படிக்கும் இந்தப் பக்கமும்.

ஆல்காட்டின் துணையோடு 1898இல் கொழும்பு போனவர் பண்டிதர் அயோத்திதாசர். அங்கே சுமங்கல தேரரிடம் பஞ்சசீலம் பெற்றார். திரும்பி வந்து ராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கினார். 1907 ஜூனில் 'ஒரு பைசாத் தமிழன்' வார இதழ். அதைக் காசு கொடுத்து வாங்கிப் படித்து, சங்கம் கட்டி, கூட்டம் போட்டவர்களில் முன்வரிசை உங்கள் ஊர்க்காரர்கள். வட ஆர்க்காட்டிலிருந்தும் பழைய சேலம் ஜில்லாவிலிருந்தும் தங்கம் வெட்டப் போன தமிழர்கள். மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் சங்கங்கள் இயங்கின. அயோத்திதாசர் 1914இல் மறைந்தபின் நின்றுபோன 'தமிழ'னை 1920களில் தங்கவயலிலிருந்தே மறுபடி கொண்டுவந்தவர் ஜி. அப்பாதுரையார். பண்டிதரின் எழுத்துகளை நூலாக்கிக் காப்பாற்றியது சாம்பியன் ரீஃப் சித்தார்த்தா புத்தகசாலை. பல்கலைக்கழகங்கள் அவரைக் கண்டுபிடித்தது அதற்கெல்லாம் ரொம்பப் பின்னால்.

உங்கள் தாத்தா ஏன் பக்கத்து வீட்டுக்காரர் போல ஞானஸ்நானம் பெறவில்லை என்பதும் உங்கள் கேள்விக்குள் இருக்கிறது. தேவாலயம் பக்கத்திலேயே இருந்தது, பள்ளிக்கூடமும் இருந்தது. ஆனால் சாதியும் உள்ளே போய் உட்கார்ந்திருந்தது. வடக்கன்குளத்தில் சாதிக்கு ஒரு பக்கமாகப் பிரித்துக் கட்டிய தேவாலயத்தின் சுவர் இடிபட்டதே 1910இல்தான். 'தமிழன்' வந்துகொண்டிருந்த அதே காலம். சபைகளுக்குள் இருந்த சாதியை அயோத்திதாசர் சும்மா விடவில்லை. பௌத்தத்தை அவர் புது மதமாக விற்கவுமில்லை. நாம் முன்பு இருந்த வீடு இது, திரும்பிப் போகிறோம் என்றார். கிறிஸ்தவப் பாதிரியார் "மனம் மாறு" என்றார், பண்டிதர் "நினைவுக்குக் கொண்டு வா" என்றார். மனம் மாறச் சொன்னவரிடம் போனவர்களும் ஏராளம். உங்கள் தாத்தா நினைவுபடுத்தியவர் பக்கம்.

ஒன்று சொல்லாமல் விட்டால் எனக்கு இலங்கையிலிருந்து கடிதம் வரும். அங்கே பௌத்த சங்கத்துக்குள்ளும் சாதி இருந்தது. சியாம் நிகாயம் கொவிகம சாதிக்கு மட்டும் துறவு கொடுத்ததால்தான் மற்றவர்கள் பர்மா போய்த் துறவு வாங்கி 1800களின் தொடக்கத்தில் அமரபுர நிகாயத்தை உண்டாக்கினார்கள்.

காண்ட்ராக்ட் தொழிலாளி, பேகேபள்ளி
ஆறு வருஷமாகக் காண்ட்ராக்ட். இரண்டு பேரில் யார் என்னைப் பெர்மனென்ட் ஆக்குவார்?

கேலியாகக் கேட்டிருக்கிறீர்கள், ஆனால் இரண்டு பேரிடமும் உங்களுக்கென்றே ஒரு கதை இருக்கிறது. அதுவும் ஏறக்குறைய ஒரே கதை.

லூக்கா 15இல் ஊதாரி மகன். சொத்தைப் பிரித்து வாங்கிக்கொண்டு போய் அழித்துவிட்டு, பன்றிகளின் தீவனத்துக்கு ஏங்கி, வீடு திரும்புகிறான். "என்னைக் கூலிக்காரரில் ஒருவனாக வைத்துக்கொள்ளும்" என்று சொல்ல ஒத்திகை பார்த்துக்கொண்டே வருகிறான். அதாவது காண்ட்ராக்டுக்கு மனு. அப்பா அதைக் கேட்டு முடிக்கவே இல்லை. தூரத்திலேயே பார்த்து ஓடி வந்து கட்டிக்கொள்கிறார். மோதிரம், செருப்பு, விருந்து. ஒரே நிமிஷத்தில் பெர்மனென்ட்.

மகாயான பௌத்தரின் தாமரைச் சூத்திரத்தில், நாலாம் அத்தியாயத்தில் இன்னொரு மகன். சின்ன வயசில் வீட்டைவிட்டு ஓடி, ஐம்பது வருஷம் அலைந்து, அப்பாவின் மாளிகை வாசலுக்கே கூலி தேடி வருகிறான். தான் யார் என்று அவனுக்குத் தெரியாது. பெரிய வீட்டைப் பார்த்துப் பயந்து ஓடுகிறான். ஆள் விட்டுப் பிடித்தால் மயங்கியே விழுகிறான். அப்பா என்ன செய்கிறார்? இரட்டைச் சம்பளம் என்று ஆசை காட்டிச் சாணமும் குப்பையும் அள்ளுகிற வேலைக்குச் சேர்க்கிறார். தானும் அழுக்கு உடை போட்டுக்கொண்டு பக்கத்தில் போய்ப் பேச்சுக் கொடுக்கிறார். இருபது வருஷம் போகிறது. பிறகு கணக்குப் பிள்ளை ஆக்குகிறார், சாவி கொடுக்கிறார். சாகும் தறுவாயில்தான் ஊரைக் கூட்டி "இவன் என் மகன், எல்லாம் இவனுடையது" என்கிறார்.

முதல் அப்பாவுக்கு அன்பு முதலில். தகுதி பற்றிப் பேச்சே இல்லை. இரண்டாவது அப்பாவுக்கும் அன்பு குறைவில்லை, ஆனால் மகன் அதை வாங்கிக்கொள்ளும் அளவுக்கு வளரும்வரை பொறுத்திருக்கிறார். கிறிஸ்தவம் அருளில் சாய்வதும் பௌத்தம் பயிற்சியில் சாய்வதும் இந்த இரண்டு அப்பாக்களை விடத் தெளிவாக வேறெங்கும் எனக்குத் தெரியவில்லை.

ஓசூர் முதலாளிகள் இரண்டாவது கதையின் நடுப்பகுதியை மட்டும் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடிவிட்டார்கள். இருபது வருஷம் குப்பை அள்ள வைக்கிறார்கள். சாவி தருகிற பக்கம் வரவில்லை. இரட்டைச் சம்பளத்தையும் காணோம்.

மனிதவள மேலாளர், சிப்காட்
மேலே உள்ளவரின் கேள்விக்கு என்ன பதில் எழுதுவீர்கள் என்று தெரியும். நிர்வாகத்துக்கு இரண்டு மதமும் ஒன்றும் சொல்லவில்லையா?

சொல்லியிருக்கிறது, கேட்டுவிட்டு வருத்தப்படாதீர்கள். சிங்காலன் என்ற இல்லறத்தானுக்குப் புத்தர் ஒரு பட்டியல் கொடுக்கிறார். வேலையாளுக்கு முதலாளி செய்ய வேண்டியவை ஐந்து: சக்திக்குத் தக்க வேலை, சாப்பாடும் சம்பளமும், நோய் வந்தால் கவனிப்பு, விசேஷமாக எது கிடைத்தாலும் அதில் பங்கு, நேரத்துக்கு விடுப்பு. கேண்டீன், இ.எஸ்.ஐ., போனஸ், லீவு எல்லாம் வந்துவிட்டன. வேலையாளுக்கும் ஐந்து கடமை உண்டு; அவற்றை நீங்கள் ஏற்கெனவே நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருப்பீர்கள்.

இயேசு பட்டியல் போடவில்லை. மத்தேயு 20இல் ஒரு கதை சொன்னார். காலையிலிருந்து வெயிலில் வாடியவனுக்கும் சாயங்காலம் ஒரு மணி நேரம் வந்தவனுக்கும் தோட்டக்காரர் ஒரே கூலி, ஒரு தெனாரியம், கொடுக்கிறார். அது ஒரு குடும்பம் அன்று சாப்பிடப் போதுமான காசு. காலையில் வந்தவர்கள் முறுமுறுக்கிறார்கள். எந்த மனிதவள மேலாளரும் இதை நடைமுறைப்படுத்த முடியாது, எந்தத் தொழிற்சங்கமும் ஒத்துக்கொள்ளாது. சிங்காலனுக்குச் சொன்னதை நாளைக்கே செய்யலாம். மத்தேயு 20, சாயங்காலம் வரை சந்தை மூலையில் யாரும் கூப்பிடாமல் நிற்பவனுக்கும் ராத்திரி பசிக்கும் என்பதை நினைவில் வைக்க.

நைட் ஷிப்ட், சூளகிரி
போன பிறவியில் என்ன பாவம் செய்தேனோ, மூன்று வருஷமாக நைட் ஷிப்ட்.

போன பிறவியை விடுங்கள், ஷிப்ட் சார்ட் போடுபவரைக் கேளுங்கள். விளையாட்டில்லை, புத்தர் சொன்னதுதான். நாம் படுவதெல்லாம் முன்வினைப் பயன் என்பவர்கள் மிகையாகப் பேசுகிறார்கள் என்று சீவகன் என்ற பரிவிராஜகனுக்குச் சொல்கிறார். பித்தம், கபம், வாதம், பருவ மாற்றம், அடிபடுதல் என்று வேறு காரணங்களை அடுக்கிவிட்டுக் கடைசியில்தான் வினைக்கு வருகிறார்.

இயேசுவிடம் பிறவிக் குருடனைக் காட்டி "இவன் செய்த பாவமா, பெற்றோர் செய்த பாவமா?" என்று சீடர்கள் கேட்டார்கள். இரண்டும் இல்லை என்றார். சீலோவாமில் கோபுரம் இடிந்து பதினெட்டுப் பேர் செத்தபோதும், அவர்கள் மற்றவர்களைவிடப் பாவிகள் என்று நினைக்காதீர்கள் என்றார். மெஷினில் விரல் போனவனைப் பார்த்து "அவன் தலையெழுத்து" என்பவருக்கு இரண்டு பக்கமும் இடமில்லை. தலையெழுத்துக்கு முன்னால் சென்சார் வேலை செய்ததா என்று பார்க்க வேண்டும்.

மறுபிறப்பு விஷயத்தில் மட்டும் இருவரும் கைகுலுக்க மாட்டார்கள். 1606இல் மதுரைக்கு வந்த தத்துவ போதகர், அதாவது ராபர்ட் தெ நோபிலி, அதை மறுக்கத் தமிழில் 'புனர்ஜென்ம ஆக்ஷேபம்' என்று ஒரு தனி நூலே எழுதினார்.

பாலிஹவுஸ் ரோஜா விவசாயி, பேரிகை
பிப்ரவரி 14க்கு எங்கள் ரோஜா வெளிநாடெல்லாம் போகிறது. அந்த வாலண்டைன் உண்மையில் யார்?

ரோமில் தலை வெட்டப்பட்டதாகச் சொல்லப்படும் பழைய கிறிஸ்தவ வேதசாட்சி. அவரைப் பற்றி உறுதியாக அதிகம் தெரியாததால் கத்தோலிக்கத் திருச்சபையே 1969இல் பொது நாட்காட்டியிலிருந்து அவர் திருநாளை எடுத்துவிட்டது. பேரிகை எடுக்கவில்லை. பௌத்த விகாரைக்கும் அதே பூ போகலாம். ஆனால் அங்கே, இந்தப் பூ வாடுவது போல இந்த உடம்பும் வாடும் என்று சொல்லி வைப்பார்கள். அதை உங்கள் ஏற்றுமதிப் பெட்டியில் அச்சிட வேண்டாம்.

டிப்ளமோ மாணவர், கிருஷ்ணகிரி
பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் ஓசூரும் ஒரு முனையம். ஆயுத உதிரிபாகம் செய்யும் வேலை கிடைத்தால் போகலாமா? வீட்டில் அம்மா கிறிஸ்தவர், மாமா அம்பேத்கர் வழிப் பௌத்தர்.

மாமாவிடம் கேட்டால் கஷ்டம். இல்லறத்தார் செய்யக் கூடாத வியாபாரம் ஐந்து என்று புத்தர் எண்ணிச் சொல்கிறார், முதலாவதே ஆயுதம். (மற்றவை உயிர்கள், இறைச்சி, போதை, நஞ்சு. இதையெல்லாம் கழித்தால் நம் மாவட்டத்தில் மாம்பழக் கூழ்தான் மிஞ்சும்.) போரில் செத்தால் சொர்க்கம் உண்டா என்று ஒரு படைத்தலைவன் கேட்டபோது புத்தர் திரும்பத் திரும்பப் பதில் சொல்ல மறுத்து, அவன் விடாமல் கேட்கவே, நரகம் என்றார். அவன் அழுதான்.

அம்மாவின் நூலில் குரல் வேறு. நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று போர்ச்சேவகர்கள் கேட்டபோது, யோவான் ஸ்நானகன் அவர்களை ராஜினாமா செய்யச் சொல்லவில்லை. ஒருவரையும் மிரட்டிப் பறிக்காதே, சம்பளத்தோடு திருப்தியாயிரு என்றான். பட்டயத்தை எடுப்பவன் பட்டயத்தால் மடிவான் என்று இயேசு சொன்னதும் அதே நூல்தொகுப்பில்தான் இருக்கிறது. கிறிஸ்தவ அறிஞர்கள் இரண்டாயிரம் வருஷமாக இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறார்கள்.

ஏட்டில் புத்தர் கண்டிப்பானவர் என்பதற்காகப் பௌத்த நாடுகள் ஆயுதம் வாங்கவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். இலங்கையைப் பார்த்த எந்தத் தமிழரிடமும் அப்படிச் சொல்லிவிட்டு நகர முடியாது. வேலைக்குப் போவதா வேண்டாமா என்பதை நான் சொல்ல மாட்டேன். எந்த உதிரிபாகம், எதற்குள் போகிறது என்று மட்டும் முதல் நாளே கேளுங்கள்.

ஒரு தாய், குருபரப்பள்ளி
நெடுஞ்சாலையில் பைக் விபத்தில் மகன் போய்விட்டான். தேவாலயத்தில் ஆறுதல் சொல்கிறார்கள். மனம் ஆறவில்லை. புத்தர் ஏதாவது சொல்லியிருக்கிறாரா?

அம்மா, இறந்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு மருந்து கேட்டு அலைந்த கிசா கோதமியை, சாவு விழாத வீட்டிலிருந்து கைப்பிடிக் கடுகு வாங்கி வரச் சொன்னார் புத்தர். அவள் வீடு வீடாகப் போனாள். பாடத்துக்காகச் சொல்லப்படும் கதை இது. எனக்கு அதில் வேறொன்று தெரிகிறது: ஒவ்வொரு வாசலிலும் ஒரு வீட்டுக்காரி தன் சாவைச் சொல்லியிருப்பாள், இவள் தன் சாவைச் சொல்லியிருப்பாள். குழந்தையைக் கீழே வைக்க அவளுக்கு அத்தனை வாசல் தேவைப்பட்டது.

உங்கள் இயேசு நாயீன் ஊர் விதவையின் மகனை எழுப்பிக் கொடுத்தார். அந்த வரி இப்போது உங்களுக்கு வலிக்கும் என்று தெரியும். ஆனால் லாசரு செத்தபோது, எழுப்பப் போகிறோம் என்று தெரிந்தும் கல்லறைக்குப் போகுமுன் அவர் அழுதார். சீக்கிரம் ஆற வேண்டும் என்று உங்களிடம் யாராவது சொன்னால், அது இந்த இரண்டு பேரில் எவரும் சொன்னதல்ல.

பள்ளி ஆசிரியர், எலத்தகிரி
கிறிஸ்தவர்கள் ஆஸ்பத்திரி கட்டினார்கள், பள்ளி கட்டினார்கள். பௌத்தர்கள் கண்ணை மூடி உட்கார்ந்ததைத் தவிர?

வேலூரில் 1900இல் ஐடா ஸ்கடர் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கியது இன்று சி.எம்.சி. நம் மாவட்டத்தில் பெரிய வியாதி என்றால் முதலில் வாயில் வருவது அந்தப் பெயர்தான். அதில் உங்களோடு எனக்கு வழக்கில்லை.

ஆனால் கண்ணை மூடினவர் கதை ஒன்று விநய பிடகத்தில் இருக்கிறது. வயிற்றுப்போக்கில் தன் மலத்திலேயே கிடந்த ஒரு பிக்குவைப் புத்தர் பார்த்தார். இவனால் யாருக்கும் உபயோகமில்லை என்று மற்ற பிக்குகள் கைவிட்டிருந்தார்கள். புத்தர் தண்ணீர் ஊற்ற, ஆனந்தர் கழுவ, இருவருமாகத் தூக்கிக் கட்டிலில் கிடத்தினார்கள். எனக்குப் பணிவிடை செய்ய விரும்புகிறவன் நோயாளிக்குச் செய்யட்டும் என்றார் புத்தர். மத்தேயு 25இல் இயேசு சொல்வதற்கு இவ்வளவு நெருக்கமான இடம் வேறு எந்த நூலிலும் நான் பார்த்ததில்லை.

அடுத்தது உங்கள் மண்ணைப் பற்றியது. அசோகரின் இரண்டாம் பாறைக் கல்வெட்டு, மனிதருக்கும் கால்நடைக்கும் மருத்துவ ஏற்பாடு செய்ததைச் சொல்கிறது. தன் நாட்டில் மட்டுமல்ல, எல்லைக்கு அப்பாலும்: சோழர், பாண்டியர், சதியபுத்திரர், கேரளபுத்திரர் நாடுகளில். அந்தச் சதியபுத்திரர் யார் என்று அறிஞர்கள் நெடுநாள் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். 1981இல் திருக்கோவிலூர் பக்கம் ஜம்பையில் கிடைத்த தமிழிக் கல்வெட்டு, அதியமான் நெடுமான் அஞ்சியை அந்தப் பட்டப் பெயரோடு குறித்தது. தகடூர் அதியமான். தர்மபுரியும் கிருஷ்ணகிரியும் அடங்கிய நம் சீமை. மருந்துச் செடி இல்லாத இடங்களில் கொண்டுபோய் நடச் செய்தேன் என்றும் அசோகர் சொல்கிறார். ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த குடும்பத்துக்குச் செடி கொடுக்க வந்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரிப் போட்டியில் பௌத்தர்களுக்கு இரண்டாயிரத்து இருநூறு வருஷம் முன்தேதி உண்டு. அதற்குப் பிறகு இங்கே அவர்கள் என்ன கட்டினார்கள் என்று கேட்டால், அங்கே நீங்கள் ஜெயிக்கிறீர்கள்.

விடுதிக் காப்பாளர், ராயக்கோட்டை சாலை
எலக்ட்ரானிக்ஸ் கம்பெனிப் பெண்கள். ஒரே அறையில் ஜார்க்கண்ட் பெண் ஜெபம் செய்கிறாள், அருணாசலப் பெண் மணியை உருட்டுகிறாள். இரண்டும் ஒன்றா? ஒருவரே இரண்டையும் செய்யலாமா? இரண்டு கம்பெனியில் பி.எஃப். பிடிக்க முடியாதே!

ஜெபம் ஒருவரிடம் பேசுவது. தியானம் பேச்சை நிறுத்திப் பார்ப்பது. வேறு வேறுதான். ஆனால் பி.எஃப். பிடித்துக் காட்டிய தமிழர் ஒருவர் இருக்கிறார். ஏசு சபைத் துறவி அருள் மரிய ஆரோக்கியசாமி, சுருக்கமாக அமா சாமி. 1936இல் பர்மாவில் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர். ஜப்பானில் யமதா கோஉன் ரோஷியிடம் பயின்று 1982இல் ஜென் ஆசிரியராக அனுமதி பெற்றார். கொடைக்கானல் மலைப்பாதையில் பெருமாள்மலையில் 1996இல் போதி ஜெண்டோ என்ற தியான இல்லத்தைத் தொடங்கினார். இவருக்கு முன்னோடி ஜெர்மன் ஏசு சபைத் துறவி லசால். அணுகுண்டு விழுந்த அன்று ஹிரோஷிமாவில் இருந்து காயத்தோடு தப்பியவர்.

தலைமை அலுவலகம் என்ன சொன்னது என்கிறீர்களா? 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், மற்ற சமயங்களில் உண்மையும் புனிதமுமாக உள்ள எதையும் திருச்சபை ஒதுக்குவதில்லை என்றது. பௌத்தத்தைப் பெயர் சொல்லியே குறிப்பிட்டது. 1989இல் அதே ரோமிலிருந்து, ஜென், யோகா முறைகளில் ஜாக்கிரதை என்று ஒரு சுற்றறிக்கை. 1994இல் இரண்டாம் ஜான் பால் பௌத்தத்தின் மீட்புக் கொள்கை எதிர்மறையானது என்று புத்தகத்தில் எழுதப்போய், மறு ஜனவரியில் அவர் கொழும்பு வந்தபோது பிக்குகள் சந்திப்பைப் புறக்கணித்தார்கள். 2015இல் போப் பிரான்சிஸ் கொழும்பில் ஒரு விகாரைக்கே போய்விட்டு வந்தார். தலைமை அலுவலகம் எப்போதும் இப்படித்தான். அறையில் இரண்டு பெண்களும் சண்டை இல்லாமல் தூங்குகிறார்களா, அதைப் பாருங்கள்.

மெக்கானிக், பாகலூர்
ஆன்மா இல்லை என்றால் பிழைப்பது எது? பாணந்துறையில் கேட்ட கேள்விக்குப் பதில் எங்கே?

உங்கள் தொழிலிலேயே பதில் தொடங்குகிறது. மிலிந்தன் என்ற கிரேக்க அரசனிடம் நாகசேனர் கேட்டார்: நீ வந்த தேர் என்பது அச்சா, சக்கரமா, நுகமா? எதுவுமில்லை என்றான். எல்லாவற்றையும் தனித்தனியாகக் கழற்றி வைத்தால் தேர் எங்கே? ஷெட்டில் எஞ்சினை இறக்கி, ஆக்சிலை இறக்கி, கேபினை இறக்கியபின் லாரி எங்கே என்று நீங்களும் கேட்டுப் பார்க்கலாம். ஓனர் மட்டும் பக்கத்தில் இருக்கக் கூடாது.

இதைக் கிறிஸ்தவர் ஒருவர் எதிர்ப்பாக அல்லாமல் உதவியாக எடுத்துக்கொண்டார். இலங்கை மெதடிஸ்ட் போதகர் லின் டி சில்வா. பாணந்துறையில் பேசிய அதே வெஸ்லியன் மரபு, அதே குடும்பப் பெயர். 1975இல் வந்த அவர் நூலின் வாதம் இது: சாகாத ஆன்மா மனிதனுக்குள் தானாகவே இருக்கிறது என்பது பைபிளின் பழைய பார்வையே அல்ல. மனிதன் மண். அவனிடம் நிலையானது என்று சொந்தமாக ஒன்றும் இல்லை. இதைப் பௌத்தம் சரியாகச் சொல்கிறது. அப்புறம் நம்பிக்கை எங்கே? கடவுளோடும் மற்றவரோடும் உள்ள உறவில், என்கிறார். பௌத்தர் கடைசி வாக்கியத்தில் இறங்கிவிடுவார். அதுவரைக்கும் ஒரே வண்டியில் வந்தார்களே, அது 1873இல் நடக்கவில்லை.

பெயர் வேண்டாம், பர்கூர்
ஆதிதிராவிடர். பௌத்தம் தழுவினால் எஸ்.சி. சான்றிதழ் இருக்கும், கிறிஸ்தவம் தழுவினால் போய்விடும் என்கிறார்கள். உண்மையா?

உண்மை. 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணை இந்துக்களை மட்டும் பட்டியல் சாதியாக ஏற்றது. 1956இல் சீக்கியரையும் 1990இல் பௌத்தரையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவரும் முஸ்லிமும் வெளியே. தமிழ்நாட்டில் கிறிஸ்தவரான ஆதிதிராவிடர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்குப் போகிறார். இதை ஆராய முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் 2022இல் ஆணையம் போட்டார்கள்.

இதற்குச் சொல்லப்படும் நியாயம், கிறிஸ்தவத்தில் சாதி இல்லை என்பது. வேதத்தில் இல்லை, சரி. கல்லறைத் தோட்டத்தில்? பௌத்தத்திலும் வேதப்படி சாதி இல்லை. ஆனால் அங்கே சட்டம் ஊரில் நடப்பதைப் பார்த்தது. இரண்டு மதத்துக்கும் இரண்டு அளவுகோல். புத்தரும் இயேசுவும் எந்தத் தத்துவத்தில் வேறுபடுகிறார்கள் என்று நாம் பேசிக்கொண்டிருக்கிறோம். தாசில்தார் அலுவலகம் எப்போதோ முடிவு செய்துவிட்டது.

சங்கச் செயலாளர், ஓசூர்
கிறிஸ்துமஸுக்கு லீவு உண்டு. புத்த பூர்ணிமாவுக்குக் கம்பெனி ஏன் விடுவதில்லை?

1958ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டப்படி நான்கு தேசிய விடுமுறை, ஐந்து பண்டிகை விடுமுறை. அந்த ஐந்தை முடிவு செய்கிற பேச்சில் நீங்களும்தான் உட்காருகிறீர்கள். கடைசியாக எப்போது கேட்டீர்கள்?

கல்லூரி மாணவி, காவேரிப்பட்டணம்
இரண்டையும் பற்றித் தமிழில் எதைப் படிக்கலாம்? ஒரு சார்பு இல்லாமல்.

மயிலை சீனி. வேங்கடசாமி. 1936இல் 'கிறிஸ்தவமும் தமிழும்', 1940இல் 'பௌத்தமும் தமிழும்'. ஒரே ஆள் இரண்டையும் எழுதினார். பிறகு சமணத்துக்கும் ஒன்று. பிறகு ஒரு நாள் சேலம் பக்கம் தலைவாசல் அருகே தியாகனூர் போய் வாருங்கள், இரண்டு பெரிய புத்தர் சிலைகள் உட்கார்ந்திருக்கின்றன. சேலம் பெரியேரியில் தலைவெட்டி முனியப்பனாக வணங்கப்பட்டவர் புத்தர்தான் என்று 2022இல் உயர் நீதிமன்றமே சொன்னது.

தினசரிப் பயணி, ஜூஜூவாடி
அத்திப்பள்ளி நெரிசலில் புத்தரும் இயேசுவும் ஒரே பஸ்ஸில் மாட்டிக்கொண்டால்?

நெரிசல் வரும்வரை இருந்திருக்க மாட்டார்கள். ஒருவர் காசைத் தொடக் கூடாது என்று துறவிகளுக்கு விதி போட்டவர். மற்றவர் வரி பற்றிப் பேசும்போது ஒரு நாணயத்தைக் காட்டச் சொல்லிப் பிறரிடம் கேட்டவர். கண்டக்டர் டிக்கெட் கேட்டதும் இரண்டு பேரையும் ஓசூர் பேருந்து நிலைய வாசலிலேயே இறக்கி விட்டிருப்பார். பெங்களூருக்கு நடந்தே போய், உங்களுக்கு முன்னால் சேர்ந்திருப்பார்கள்.